சாரம் கட்டுவோர்க்குக் காவல்



கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தில் வருபவர்கள், எல்ல நிலையத்தைக் கடந்து தெமோதரையை நெருங்குமுன், ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலாகச் செல்வார்கள். 1921ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அது. ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது. தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளைந்து நிற்கும் அதன் எழிலைக் காணப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அதனைக் கட்டியவர்களைப் பற்றிய கதைகளும் எங்கள் ஊவா மாகாணத்தில் வழங்குகின்றன. அப்புஹாமி என்னும் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயர் இன்றும் மக்கள் நாவில் உள்ளது.

ஆனால், அந்தப் பாலம் எழுவதற்கு முன்னே மரவேலை ஒன்று அவ்விடத்தில் எழுந்திருத்தல் வேண்டும். வளைவு ஒன்றைக் கட்டும்போது, அதன் உச்சிப் பகுதி பொருந்தி இறுகும்வரை, அது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது. அதுவரை மரத்தாலான தாங்கல் ஒன்று கீழிருந்து அதனைத் தாங்கவேண்டும். அம்மரங்களை நிறுத்தவும் பிணைக்கவும் சிலர் முதலில் மேலேறினார்கள். அவர்கள் ஏறியபோது பற்றிக்கொள்ளப் பாலம் இருக்கவில்லை. வேலை முடிந்ததும் அம்மரங்கள் கழற்றப்பட்டு மறைந்தன. கட்டியவர்களின் பெயர்களும் அவற்றோடு மறைந்தன.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தது. அதன் உச்சிக்குக் கல் ஏற்றுவதற்காகச் சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்தே சாரம் அமைக்கப்பட்டது என்பது செவிவழிச் செய்தி. அச்செய்தி ஓர் ஊரின் பெயரில் நிலைத்துவிட்டது. சாரம் கட்டியவர் எவருடைய பெயரும் அதனோடு வரவில்லை.

அத்தகையோரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். கட்டடம் கட்டுவோரின் பாதுகாப்பைப் பற்றி ஓரளவு பேசப்படுகிறது. மேசன் நின்று வேலை செய்யச் சாரம் வேண்டும், சாரத்துக்குப் பலகை வேண்டும், பலகையின் ஓரத்தில் கைப்பிடி வேண்டும் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வர். ஆனால், அந்தச் சாரத்தைக் கட்டுபவன் எதில் நின்று கட்டுகிறான்? அவன் ஏறும்போது பலகையும் இல்லை, கைப்பிடியும் இல்லை. மற்றவர்களுக்குக் காவல் அமைப்பவனுக்கு அந்த நேரத்தில் காவல் இல்லை. எல்லாருக்கும் முன்னே ஏறி, எல்லாரும் இறங்கிய பின்னர் இறங்குகின்ற அவனைக் காப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

ஒரு பாடசாலை அதிபருக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. நான் முன்னர் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் மாடிக்கட்டடத்துக்கு வெளிப்புறம் வண்ணம் பூசினார்கள். சரிவில் அமைந்த கட்டடம் அது. சாரம் கட்டவந்த நால்வரில் ஒருவர் என்னிடம் படித்தவர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கொழும்புக்குக் கட்டட வேலைக்குச் சென்று, பின் ஊர் திரும்பியவர். அந்த நாட்களில் நான் செய்த முன்னேற்பாடு ஒன்றே ஒன்று. மாணவர் எவரும் சாரத்தின் கீழே போகக்கூடாது என்று கயிறு கட்டி மறித்தேன். மேலே நின்றவர்களைப் பற்றி எனக்கு எண்ணம் எழவில்லை.

வண்ணம் பூசி முடிந்தது. வேலை திருப்தி என்று காலையில் ஒப்பமிட்டுக் கொடுத்தேன். பிற்பகலில் சாரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். சாரத்தைச் சுவரோடு பிணைத்திருந்த கட்டுகள் இரண்டை, வண்ணம் பூசுவதற்குத் தடையாக இருக்கின்றன என்று யாரோ முன்னரே அவிழ்த்திருந்தார்கள். கழற்ற ஏறியவர்களுக்கு அதனை எவரும் சொல்லவில்லை. மேல்தட்டில் நின்ற என் பழைய மாணவர் ஒரு கம்பை விடுவித்ததும் சாரம் வெளிப்புறமாகச் சாய்ந்தது. அவர் விழுந்த பக்கம் பள்ளத்துப் பக்கம். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு தப்பவில்லை.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் என்னிடம் சொன்னார்: “சேர், கட்டுறப்போ பயந்து பயந்துதான் கட்டினோம். கழட்டுறப்போ வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன்.” நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். காலையில் ஒப்பமிட்ட கை என்னுடையது. இன்று அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். மனைவியின் கொழுந்துச் சம்பளமே அக்குடும்பத்தைத் தாங்குகிறது. அதன் பின்னரே இத்துறையைப் பற்றிப் படிக்கவும், அறிந்தவர்களிடம் கேட்கவும் தொடங்கினேன். அறிந்தவற்றை உங்களுக்குச் சொல்வது என் கடன் எனக் கருதுகிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தை அகற்ற வேண்டும். “சிறிய வீடுதானே, பத்துப் பன்னிரண்டு அடிதானே” என்று நாம் சொல்கிறோம். பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நிலத்தை அடைகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஓடும் மோட்டார் வண்டியிலிருந்து கல்லின் மேல் எறியப்படுவதற்கு அது ஒப்பாகும். கையை நீட்டி எதையாவது பற்றிக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. விழுகிறோம் என்று மனம் உணர்வதற்குள் விழுந்து முடிந்துவிடும். ஆதலால் விழுந்தபின் செய்வதைப் பற்றி எண்ணுவதிலும், விழாதிருக்கச் செய்வதைப் பற்றி எண்ணுவதே அறிவுடைமை.

எங்கள் மலைநாட்டில் அந்தப் பன்னிரண்டு அடியும் பன்னிரண்டு அடியாக நிற்பதில்லை. தோட்டங்களில் வீட்டுக்கு நிலம் வேண்டுமாயின் சரிவை வெட்டிச் சமப்படுத்துகிறோம். மலைப்பக்கம் வெட்டிய மண்; பள்ளத்துப் பக்கம் கொட்டிய மண். மலைப்பக்கத்தில் விழுபவர் சாரத்தின் உயரமே விழுவார். பள்ளத்துப் பக்கத்தில் விழுபவர் அதற்குக் கீழுள்ள அடுத்த படிக்கட்டுத் தரைவரை விழக்கூடும். கொட்டிய மண்ணோ மழை பெய்தால் அமிழும். சாரத்தின் கால் ஒன்று இரண்டு அங்குலம் அமிழ்ந்தாலும் மேல்தட்டு அதனிலும் பல மடங்கு வெளியே சாயும்.

காற்றும் மழையும் எங்கள் மாகாணத்தில் தமக்கெனப் பருவம் வைத்திருக்கின்றன. ஆடி ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது என்பர். அதே காற்று உயரத்தில் பலகை சுமந்து நிற்பவனைத் தள்ளவும் வல்லது. பச்சை மரத்தைக் கயிற்றால் இறுகக் கட்டினாலும், மரம் உலர்ந்து சுருங்கும்போது கட்டுத் தளரும். நனைந்த நார்க்கயிறு உலரும்போதும் அவ்வாறே. நேற்று இறுக்கமாக இருந்த கட்டு இன்றும் இறுக்கமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்திலோ பலகையில் பாசியும் காலில் சேறும் சேர்ந்து வழுக்கும்.

இவற்றை இப்போது சொல்வதற்கு ஒரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையால் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள் நேர்ந்து உயிர்களும் வீடுகளும் அழிந்தன. அழிந்தவற்றைக் கட்டியெழுப்ப வேண்டும். வீடு, பாடசாலை, பாலம், கோயில் எதைக் கட்டினாலும் அதற்கு முன்னே ஒருவர் சாரம் கட்டவேண்டும். ஓர் இழப்பை ஈடுசெய்யும் பணியில் இன்னோர் இழப்பு நேரலாகாது.

இனி முறைகளுக்கு வருவோம். உயரத்தில் வேலை செய்வது பற்றிப் பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டில் வந்த விதிகள் மூன்று படிகளைக் கூறுகின்றன. உயரத்தில் செய்வதைத் தவிர்க்க முடியுமாயின் தவிர்க்கவேண்டும். முடியாதாயின் விழாமல் தடுக்கவேண்டும். அதுவும் முழுமையாக முடியாதாயின், விழும் தூரத்தையும் விளைவையும் குறைக்கவேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. காப்புப் பட்டி வாங்கிக் கொடுத்தோம், கடமை முடிந்தது என்பவர்கள் மூன்றாவது படியிலிருந்து தொடங்குகிறார்கள்.

முதற்படி, தரையில் செய்யக்கூடியதைத் தரையிலேயே செய்து முடித்தல். கம்புகளை அளந்து வெட்டுதல், பிளவும் உளுப்பும் உள்ளனவா என்று பார்த்தல், பலகைகளைத் தெரிந்தெடுத்தல் ஆகிய அனைத்தையும் கீழேயே முடிக்கலாம். கனமான கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவது நம்மவரிடையே ஒரு வீரமாகக் கருதப்படுகிறது. ஏணியில் ஏறுபவனுக்கு இரு கைகளும் ஏணிக்கே உரியவை. பொருள்கள் கப்பியிலும் கயிற்றிலும் ஏறட்டும். நிலைக்காலின் அடியில் அகன்ற பலகை ஒன்றை இட்டால் பாரம் பரவும். கொட்டிய மண்ணில் கால் அமிழாது. உடைந்த செங்கல்லை அடியில் வைத்து உயரம் சரிசெய்யும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். செங்கல் பாரத்தில் நொறுங்கும்.

இரண்டாம் படியே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அதனை ஒரு சொற்றொடரில் அடக்கலாம்: கைப்பிடி முந்தட்டும், கால் பிந்தட்டும். மேல்தட்டில் மனிதன் கால்வைப்பதற்கு முன்னரே அந்தத் தட்டின் கைப்பிடி அங்கே இருக்கவேண்டும்.

இஃது எவ்வாறு இயலும் என்று ஐயுறலாம். இரும்புச் சட்டங்களால் ஆன சாரங்களில் இதற்கென்றே வழிகள் உள்ளன. இரண்டு கிடைக்கம்பிகளைச் சேர்த்து ஒரு சட்டமாக்கி, கீழ்த்தட்டில் நின்றவாறே மேலே உயர்த்தி, நிலைக்கால்களில் மாட்டிவிடுவது ஒரு வழி. கீழ்த்தட்டில் அதற்கெனச் செய்த உறுதியான சிறு படிமேடை ஒன்றை வைத்து, அதில் நின்று மேல்தட்டுக்குரிய கைப்பிடியைப் பூட்டுவது மற்றொரு வழி. இரண்டிலும் தொழிலாளி நிற்பது முழுமையாகப் பலகை பரப்பி, கைப்பிடி பூட்டிய தட்டில். மேலே காவல் அமைந்த பின்னரே அவர் மேலே செல்கிறார். தட்டுக்குத் தட்டு இவ்வாறே தொடரும்.

மூங்கிலாலும் சவுக்குக் கம்பாலும் கட்டும் சாரத்தில் இதனை அப்படியே செய்வது எளிதன்று. எனினும் அதன் கருத்தைக் கைக்கொள்ளலாம். நம்மிடம் உள்ள குறை, நான்கு பலகைகளை வைத்துக்கொண்டு பத்துத் தட்டு வேலை செய்வது. மேல்தட்டுக்குப் போகும்போது கீழ்த்தட்டின் பலகைகளை உருவி எடுத்துச் செல்கிறார்கள். அதனால் கட்டுபவர் ஒற்றைக் கம்பின் மேல் பாதத்தை வைத்து, ஒரு கையால் நிலைக்காலை அணைத்து, மறு கையால் முடிச்சிடுகிறார். ஒரு தட்டுக்குப் போதிய பலகைகள் கூடுதலாக இருந்தால், கட்டுபவர் எப்போதும் நிறைந்த தட்டு ஒன்றில் நின்று அடுத்த தட்டைக் கட்டலாம். கைப்பிடி மூன்றடிக்குச் சற்று மேலாக ஒன்று, அதற்கும் தட்டுக்கும் இடையே ஒன்று என இரண்டு கம்புகள் வேண்டும். பொருள் உருண்டு விழாதபடி ஓரத்தில் நான்கைந்து அங்குல உயரப் பலகை வேண்டும். ஏணி சாரத்தின் உட்புறமாகச் சென்று, ஏறும் தட்டுக்கு மேல் மூன்றடி நீண்டு, மேலும் கீழும் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். குறுக்குக் கம்புகளில் கால்வைத்துத் தொற்றி ஏறுவதற்கு ஏணி ஈடாகாது என்று எண்ணும் இளைஞரும் உளர். அவர்களுக்கு அன்போடு ஏணியைக் காட்டுங்கள்.

சாரம் உயர உயரச் சுவரோடு அதனைப் பிணைக்கவேண்டும். பிணைப்பு இல்லாத சாரம் கைப்பிடியோடு சேர்ந்தே விழும். எங்கெங்கே பிணைத்துள்ளோம் என்பதைக் கட்டியவர் அறிந்திருந்தால் மட்டும் போதாது. வண்ணம் பூசுபவரும் மின்கம்பி இழுப்பவரும் அறியவேண்டும். பிணைப்பில் சிவப்புத் துணி கட்டி, இதனைத் தொடாதே என்று சொல்லிவைத்தால் ஒரு சதமும் செலவில்லை. அன்று என் பாடசாலையில் இரண்டு சிவப்புத் துணித் துண்டுகள் இருந்திருந்தால் ஒருவேளை ஒரு குடும்பம் இன்று வேறுவிதமாக வாழ்ந்திருக்கும்.

மூன்றாம் படி காப்புப் பட்டி. தொழிலாளர் இதனை ‘ஹார்னஸ்’ என்பர். தோள், மார்பு, தொடை யாவற்றையும் சுற்றி, விழுபவரின் பாரத்தை உடல் முழுவதும் பரப்பும் பட்டியையே இச்சொல் குறிக்கும். இடுப்பில் மட்டும் கட்டும் வாரை விழுபவரைத் தாங்குவதற்குப் பயன்படுத்தக்கூடாது. விழும் உடலை இடுப்பில் மட்டும் சட்டென்று நிறுத்தினால் உட்பாகங்களும் முதுகெலும்பும் சிதையக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1998 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, விழுபவரைத் தாங்கும் கருவியாக இடுப்பு வாரைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டுள்ளது.

பட்டியை அணிந்தால் மட்டும் போதுமா? அதன் கயிறு எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதே உயிர்நிலையான கேள்வி. சற்று முன் கட்டிய, இன்னும் பிணைக்கப்படாத கம்பில் மாட்டினால் அந்தக் கம்பும் கூடவே வரும். உறுதியாகப் பிணைக்கப்பட்ட பாகத்தில், இயன்றவரை தலைக்கு மேலே மாட்டவேண்டும். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகரும்போது கழற்றி மாட்டும் அந்த இடைவேளையில்தான் ஆபத்து. அதற்காக இரட்டைக் கயிறும் இரண்டு கொளுக்கிகளும் உள்ள பட்டி இருக்கிறது. ஒன்றை மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்றவேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பாடசாலைப் பிள்ளைகளும் செய்யக்கூடிய கூட்டல்தான். கயிற்றின் நீளம் 2 மீற்றர். விழும் அதிர்ச்சியைத் தணிப்பதற்காக அதில் மடித்துத் தைத்துள்ள பகுதி பிரிந்து நீளக்கூடிய அளவு 1.75 மீற்றர் வரை. முதுகிலுள்ள வளையத்திலிருந்து பாதம்வரை 1.5 மீற்றர். நிலத்தில் மோதாமலிருக்க விடும் இடைவெளி 1 மீற்றர். கூட்டினால் 6.25 மீற்றர், ஏறத்தாழ 20 அடி. கால் மட்டத்திலுள்ள கம்பில் கொளுக்கியை மாட்டியவர், நிலத்திலிருந்து 12 அடி உயரத்தில் நிற்பாராயின், கயிறு இறுகி அவரைத் தாங்குமுன் நிலமே அவரைத் தாங்கிவிடும். ஒரு மாடி, இரு மாடி வீடுகளே மிகுந்த எங்கள் பகுதியில் பட்டியை மட்டும் நம்புவது ஏன் ஆகாது என்பதற்கு இக்கணக்கே சான்று. குறைந்த உயரத்தில் காப்பது கைப்பிடியே.

பட்டி தாங்கிவிட்டாலும் வேலை முடியவில்லை. பட்டியில் அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். அவரை இறக்குவது எவ்வாறு, யார் இறக்குவது, ஏணி எங்கே என்பது ஏறுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆயினும் தோட்டப் பாதையில் அது வந்துசேரும்வரை அவரைத் தொங்கவிட்டுக் காத்திருக்க முடியாது. அதனால்தான் உயரத்தில் ஒருவர் தனியாக வேலை செய்யலாகாது என்கின்றனர்.

வலையை விரித்துக் காப்பதும் ஒரு முறை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்டபோது, பாலத்தின் கீழே பெரிய வலை ஒன்றை விரித்தார்கள். பெருஞ்செலவு என்று எண்ணப்பட்ட அந்த வலை 19 பேரின் உயிரைக் காத்தது. ஆனால் 1937 பெப்ரவரி 17ஆம் திகதி, கொங்கிறீற்று அச்சுப் பலகைகளைக் கழற்றுவதற்காகப் பாலத்தின் அடியில் தொங்கவிட்டிருந்த சாரம் அறுந்து வலையின் மேல் விழுந்தது. மனிதரைத் தாங்கவல்ல வலை அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை; கிழிந்தது. 10 பேர் இறந்தனர். பாலம் திறக்கப்படுவதற்கு மூன்று மாதங்களே இருந்தன. அங்கும் விபத்து நேர்ந்தது கழற்றும் வேலையில் என்பதைக் கவனியுங்கள்.

கழற்றுவது கட்டுவதன் தலைகீழ் வரிசை. இறுதியில் கட்டியது முதலில் இறங்கும். கழற்றத் தொடங்குமுன், கட்டியபோது இருந்த பிணைப்பு யாவும் இப்போதும் இருக்கின்றனவா என்று அடியிலிருந்து உச்சிவரை ஒருவர் பார்த்தல் வேண்டும். விடுபட்டது இருந்தால் மீண்டும் கட்டிய பின்னரே மற்றதை அவிழ்க்கவேண்டும். நிற்கும் தட்டின் கைப்பிடியை, அத்தட்டை விட்டு இறங்கிய பின்னர் கீழிருந்து கழற்றவேண்டும். பலகைகளை மேலிருந்து எறியாமல் கயிற்றில் இறக்கவேண்டும். மாலை ஐந்து மணி லொறிக்குப் பொருள்களை ஏற்றிவிடவேண்டும் என்ற அவசரம் இந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. லொறி மறுநாளும் வரும்.

அமெரிக்க விதிகள் இவ்விடயத்தில் ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கின்றன. சாரத்தின் மேல் வேலை செய்பவருக்கு 10 அடிக்கு மேல் விழாக்காப்புக் கட்டாயம் என்று அவை கூறுகின்றன. சாரத்தைக் கட்டுவோர்க்கும் கழற்றுவோர்க்கும், எந்தக் காப்பு அவ்விடத்தில் இயலும், அக்காப்பே புதிய ஆபத்தைத் தராதா என்பதை அறிவும் அதிகாரமும் உள்ள ஒருவர் நேரில் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும் என்று, 1997 செப்டெம்பர் முதல், தனியே விதித்துள்ளன. ஒரே அளவுகோல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதே அதன் உட்கருத்து. ஆகவே ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தட்டுக்கும், பொறுப்புள்ள ஒருவர் வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் தழுவுகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையில் காயமுற்றோருக்கும் இறந்தோரின் குடும்பத்தாருக்கும் நட்டஈடு கோர வழிவகுக்கிறது. சர்வதேசத் தொழில் தாபனம் கட்டடத் தொழிலின் பாதுகாப்புக்கென 1937ஆம் ஆண்டிலும், பின்னர் 1988ஆம் ஆண்டிலும் உடன்படிக்கைகளை இயற்றியது. தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான தேசிய நிறுவனம் ஒன்று 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் நம் நாட்டில் அமைந்தது.

ஆனால் தோட்டத்தில் வீடு கட்டும் வேலையோ, கோயில் கும்பாபிஷேகத் திருப்பணியோ பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடக்கிறது. ஒருவர் வேலையை ஏற்பார். அவர் இன்னொருவரிடம் கொடுப்பார். அவர் பாஸ் ஒருவரை அழைப்பார். பாஸ் தம் தோட்டத்துப் பையன்கள் இருவரைக் கூட்டிவருவார். விபத்து நேர்ந்ததும், “அவன் என் ஆள் இல்லை” என்று ஒவ்வொருவரும் சொல்வர். என் பழைய மாணவருக்கும் அதுவே நேர்ந்தது. நாட்சம்பளம் பெற்றதற்கு ஒரு துண்டு எழுத்தும் அவரிடம் இருக்கவில்லை. ஆதலால் இளைஞர்களே, வேலைக்குச் செல்லும் நாளும் இடமும், சம்பளம் தருபவரின் பெயரும் ஒரு கொப்பியிலாவது எழுதிவையுங்கள். விபத்து நேர்ந்தால் பொலிசிலும் தொழில் அலுவலகத்திலும் பதியச் செய்யுங்கள்.

இனி, வேலையைக் கொடுக்கும் நம்மைப் பற்றி ஒரு சொல். நம்மில் பலர் வாழ்க்கையில் ஒரு முறையாவது சாரம் கட்டச் செய்கிறோம். அதிபராக, கோயில் தர்மகர்த்தாவாக, சங்கத் தலைவராக, வீட்டுக்காரராக அந்த நிலையில் நிற்கிறோம். நாம் பொறியியலாளராக இருக்கவேண்டியதில்லை. வேலை தொடங்கும் காலையில் நான்கு கேள்விகளைக் கேட்டாற் போதும். சாரத்துக்குப் பொறுப்பானவர் யார்? கட்டுபவர் நிற்பதற்கு நிறைந்த பலகையும் கைப்பிடியும் உண்டா? சாரம் எங்கே சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளது? கழற்றும் நாளில் அதனை மீண்டும் பார்ப்பவர் யார்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை வேலை தொடங்கலாகாது.

மதிப்பீட்டில் சாரத்துக்கென ஒரு தொகையைத் தனியே எழுதச் செய்யுங்கள். அது தனியாக இல்லாதபோது, மற்றச் செலவு கூடினால் முதலில் வெட்டப்படுவது பலகையும் கம்புமே. விலை குறைத்துக் கேட்டவரிடம் வேலையைக் கொடுத்து மகிழ்கிறோம். அவர் குறைத்தது எதிலிருந்து என்று கேட்பதில்லை. கோயில் திருப்பணிக்குத் தொண்டாக வந்து சாரம் கட்டும் பிள்ளைகளிடமும் இதே கவனம் வேண்டும். தெய்வப்பணி என்பதால் காற்றும் வழுக்கலும் விலகிநிற்பதில்லை.

தொழிலாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். பயப்படுவதை இழிவாக எண்ணாதீர்கள். பட்டி அணிந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் வேலைத்தலங்களில் உண்டு. நாற்பது ஆண்டு விழாதவர் என்று ஒரு மூத்த பாஸைக் காட்டுவர். விழுந்தவர்கள் அங்கே வந்து சாட்சி சொல்வதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். கச்சான் பலமாக வீசும் நாளில், “இன்று வேண்டாம், ஐயா” என்று சொல்லத் துணிபவரே தொழில் தெரிந்தவர். அவ்வாறு சொல்பவரின் அன்றைய கூலியை வெட்டாதவரே நல்ல முதலாளி.

அண்மையில் என் பழைய மாணவரைச் சந்தித்தேன். லயத்தின் முன்னே அயல்வீட்டார் ஒருவர் தம் கூரையைத் திருத்தச் சிறிய சாரம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். இவர் ஊன்றுகோலுடன் கீழே நின்று, “அண்ணே, ஏறாதீங்க. மொதல்ல அந்தக் கைப்பிடியைக் கட்டுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இருந்தவர் சற்று முணுமுணுத்தார். பின்னர் இறங்கி, கைப்பிடிக் கம்பைக் கட்டிவிட்டு ஏறினார். கட்ட ஐந்து நிமிடங்கூடச் செல்லவில்லை.

ஒன்பது வளைவுப் பாலத்தின் மரத்தாங்கலைக் கட்டியவர்களுக்கு நாம் இனிச் செய்யக்கூடியது எதுவுமில்லை. நாளைக் காலையில் நம் ஊரில் சாரம் கட்ட ஏறுபவருக்குச் செய்யக்கூடியது உண்டு. அவர் கால்வைக்குமுன் கைப்பிடி அங்கே இருக்கட்டும்.